காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றுக்கும் நடுவே

வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் தவறி விழுந்து பலி என்ற செய்தி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. நான்கைந்து வரிக்கு மேல் இருக்காது. தாய் அப்போது சமைத்துக்கொண்டிருந்தார், அல்லது துணி துவைத்துக்கொண்டிருந்தார் என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கும். அதைப் படித்ததும், பெற்றவள் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். இப்படிச் சொல்வது அந்தத் தாய்க்கு இழைக்கும் கொடுமை. அதோடு, அடுத்த குழந்தையைக் காப்பாற்ற அது எந்த வகையிலும் உதவாது. சமைப்பவளும் துவைப்பவளும் வயலுக்குப் போகிறவளும் அதே நேரத்தில் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமலும் இருக்க முடியாது. அந்த நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளைக் கொடுக்க வேண்டியது அரசு.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு ஆண்டுக்கு 38,000 அளவில் வருகிறது. ஆனால் அது காவல் நிலையத்துக்கு வந்த மரணங்களின் கணக்கு. வீட்டுக்குப் பின்னால் குட்டையில் மூழ்கிய இரண்டு வயதுக் குழந்தையை, புகார் எதுவும் கொடுக்காமல் அன்றைக்கே அடக்கம் செய்துவிடும் குடும்பங்கள் ஏராளம். மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் சைல்டு இன் நீட் இன்ஸ்டிடியூட், ஜார்ஜ் இன்ஸ்டிடியூட் ஆகிய அமைப்புகள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எடுத்த கணக்கில், ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளில் லட்சத்துக்கு ஏறக்குறைய 244 பேர் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்பது தெரியவந்தது. கேட்கப் போனால்தான் தெரிகிற மரணங்கள் இவை.

இந்த வயதுக் குழந்தைகள் ஆற்றிலோ கடலிலோ இறப்பது குறைவு. வீட்டை ஒட்டிய குளம், குட்டை, வாய்க்கால், மூடாத சம்ப், டிரம், குளியலறை பக்கெட் ஆகியவைதாம் ஆபத்தான இடங்கள். நடை பழகும் குழந்தைக்கு உடலின் அளவோடு பார்த்தால் தலை கனம் அதிகம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் அதனால் எழுந்துகொள்ள முடியாது. மூக்கும் வாயும் முங்குகிற அளவுத் தண்ணீர் போதும். மூழ்கும் குழந்தை அலறாது, பெரும்பாலும் கையைக் காலை அடித்துச் சத்தமும் எழுப்பாது. சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்பட்டுவிடும். உலை கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்றால், இதில் கவனக்குறைவு என்று எதைச் சொல்வது?

வங்கதேசம் இந்தக் கேள்வியை நம்மைவிட முன்பே நேராக எதிர்கொண்டது. தடுப்பூசியும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் மற்றக் குழந்தை மரணங்களைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளின் சாவுக்கு முதன்மைக் காரணமாக நீரில் மூழ்குதல் முன்னே வந்து நின்றது. எங்கே, எப்போது என்று ஆராய்ந்தார்கள். வீட்டிலிருந்து இருபது மீட்டருக்குள், பெரும்பாலும் காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றுக்கும் நடுவே, தாய் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் என்று விடை வந்தது. அதற்கு ஏற்றபடி ‘ஆஞ்சல்’ என்ற கிராமக் குழந்தைகள் காப்பகங்கள் தொடங்கப்பட்டன. ஊரில் யாராவது ஒருவர் வீடுதான் இடம். அதே ஊர்ப் பெண் ஒருவர் பயிற்சி பெற்று, உதவியாளர் ஒருவரோடு, ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான இருபத்தைந்து பிள்ளைகளை அந்த நான்கு மணி நேரம் பார்த்துக்கொள்வார். பாட்டு உண்டு, விளையாட்டு உண்டு, கை கழுவப் பழக்குவதும் உண்டு. 2012இல் வெளியான ஆய்வு, இந்தக் காப்பகங்களுக்கு வந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கும் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாகக் காட்டியது. பெரிய கருவிகள் எதுவும் இல்லை. 2022இல் அந்நாட்டு அரசே 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்களுக்கு ஒப்புதல் தந்தது. நம்மைப் போலவே வளரும் நாடு ஒன்று செய்த காரியம் இது.

நீச்சல் கற்றுக்கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும், பள்ளி வயதுப் பிள்ளைகளை அது நன்றாகக் காப்பாற்றுகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் நீச்சல் பயிற்சியை ஆறு வயதுக்கு மேல்தான் சொல்கிறது; அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பகல்நேரக் காப்பகத்தைப் பரிந்துரைக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நீச்சல் பதில் ஆகாது. மூடியும் வேலியும் அவசியம்தான். சம்புக்குப் பூட்டு போடுவதும் குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பதும் இன்றைக்கே எல்லா வீட்டிலும் செய்யக்கூடியவை. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் டிரம்மும் அண்டாவும் நிரம்பித்தான் இருக்கும், மொள்ளும்போது திறந்துதான் இருக்கும். தெருவுக்குத் தெரு ஓடும் வாய்க்காலுக்கு வேலி போடவும் முடியாது.

பாட்டி இருக்கிறாரே, அக்கம்பக்கம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். பாட்டியும் இன்று கூலி வேலைக்குப் போகிறார். அவர் இல்லாத வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்பவள் ஆறு வயது அக்காவாக இருக்கிறாள். விபத்து நடந்த பிறகு அந்தச் சிறுமி வாழ்நாள் முழுதும் சுமக்கப்போகும் குற்ற உணர்வை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மேலும், வேலைக்குப் போகும் பெண்ணின் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது நம் சட்டங்களுக்குப் புதிதல்ல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகம் கேட்டது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்றிருந்தது. மர நிழலில் சேலைத் தூளி கட்டிவிட்டு மண்வெட்டி எடுத்த பெண்களில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்பது வேறு விஷயம். கொள்கை அளவில் அரசு இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் கட்டடம், சமையல், எடைக்கருவி, பெயர்ப் பதிவேடு எல்லாம் உண்டு. ஆனால் மையத்தில் வந்து உட்காருவது இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள். ஒரு வயதுக் குழந்தையின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, சத்துமாவு வீட்டுக்குப் போகிறது, குழந்தையோ மையத்துக்கு வெளியே, ஆபத்து மிகுந்த வயதில், வீட்டில் இருக்கிறது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கும் ‘பால்னா’ திட்டத்தை ஒன்றிய அரசு வைத்திருக்கிறது. நாடு முழுமைக்கும் அதன் இலக்கு 17,000 மையங்கள். தேவையோ பல மடங்கு.

அங்கன்வாடிப் பணியாளர்கள் ஏற்கெனவே வேலைச் சுமையில் திணறுகிறார்கள், இதையும் அவர்கள் தலையில் கட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. கட்டக் கூடாது. தவழும் பிள்ளையையும் நடக்கும் பிள்ளையையும் பார்க்கத் தனி ஆள், தனிச் சம்பளம் வேண்டும். பதிவேடும் செல்பேசிச் செயலியும் அவர் கையில் வரக் கூடாது. மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது என்று நம் ஊர்களில் வீணாகும் நிமிடங்களை மிச்சப்படுத்த, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கவும் நெஞ்சை அழுத்தவும் அவருக்குப் பயிற்சி தர வேண்டும். அதையே அவர் ஊர்ப் பெண்களுக்கும் காட்டிக்கொடுக்கலாம். எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. நாற்று நடவுக்குப் பெண்கள் காலையிலேயே கிளம்பிவிடும், வீட்டுக் கொல்லையிலேயே குளமும் வாய்க்காலும் இருக்கும் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சில ஒன்றியங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலில் சுந்தரவனத்தில் செய்ததுபோல் வீடு வீடாகப் போய், கடந்த மூன்று ஆண்டுகளில் இறந்த குழந்தைகளைக் கணக்கெடுக்க வேண்டும். பிறகு அடுத்த பட்ஜெட்டில் அந்த ஒன்றியங்களின் ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு பெண்ணின் சம்பளத்தை ஒதுக்க வேண்டும்.