கை இறுக்கத்துக்கும் புள்ளி போடுங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பாரிசவாதம் வந்த ஒருவர் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவனின் லயத்துக்குப் போயிருந்தோம். கொழுந்து பறித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய அவனுடைய அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதம். வலது கை நெஞ்சோடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடந்தன. "கை கல்லு மாதிரி ஆயிடுச்சு டீச்சர், இனி அவ்வளவுதான்" என்றான். கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். பிரஷரும் சீனியும் மாதாமாதம் எண்ணாக எழுதப்பட்டிருந்தன. கையின் இறுக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இறுக்கத்துக்கும் அளவு இருக்கிறது. மூளையின் கட்டுப்பாடு குறையும்போது, தசையை வேகமாக நீட்டினால் அது எதிர்த்து இறுகும். இதை ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். இதற்கு 1964இல் ஆஷ்வர்த் என்ற மருத்துவர் ஓர் அளவுகோலைத் தந்தார். 1987இல் பொஹானன், ஸ்மித் இருவரும் அதைத் திருத்தினார்கள். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். நோயாளியைத் தளர்வாகப் படுக்கவைத்து, மடங்கிய முழங்கையை ஏறக்குறைய ஒரு விநாடியில் நீட்டிப் பார்ப்பார்கள். எதிர்ப்பு கூடவில்லை என்றால் 0. இலேசாகத் தட்டுப்பட்டால் 1 அல்லது 1+. பெரும்பகுதி தூரம் இறுக்கம் இருந்தும் கை சுலபமாக அசைந்தால் 2. அசைப்பதே கஷ்டம் என்றால் 3. அசையாமல் விறைத்துவிட்டால் 4.

இந்த அளவுகோலில் குறையும் உண்டு. நரம்பால் வந்த இறுக்கம் எது, அசைக்காமல் விட்டதால் தசையே சுருங்கியது எது என்று இது சரியாகப் பிரித்துக் காட்டாது. அதற்கு டார்டியூ முறை இருக்கிறது. கையை ஒரு தடவை மெதுவாகவும் ஒரு தடவை வேகமாகவும் நீட்டி, எந்தக் கோணத்தில் தடைப்படுகிறது என்று ஒப்பிடுவார்கள். இந்த வித்தியாசம் முக்கியம். நரம்பு இறுக்கத்துக்கு பக்லோஃபென் மாத்திரையோ பொட்டுலினம் ஊசியோ உதவலாம். சுருங்கிப்போன தசைக்கு அந்த ஊசி வேலை செய்யாது. அளக்காமல் விட்ட மாதங்களில்தான் முதலாவது இரண்டாவதாக மாறுகிறது.

"பிஸியோதெரபிஸ்ட்மார் குறைவு, சனம் கூட, இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு முழங்கையை அளக்கச் சில நிமிடம் போதும். இந்திய உதவியுடன் கட்டிய டிக்கோயா வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டபோது மலையகமே சந்தோசப்பட்டது. கட்டடம் வந்தால் போதாது, தோட்டத்துக்குக் கிட்டவே இந்தச் சேவையும் வர வேண்டும். ஒரு கிளினிக்குக்குப் போனால் கூட்டிப்போகிறவருக்கும் ஒரு நாள் பேர் போகிறது. அந்த ஒரு நாளுக்குப் பதிலாகக் கொப்பியில் ஓர் எண்ணாவது கிடைக்க வேண்டாமா?

நாங்கள் ஆசிரியர்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று தவணையும் புள்ளி போடாமல் "இவன் படிக்கமாட்டான்" என்று சொன்னால் பெற்றோர் சும்மா விடுவீர்களா? ஒரு தாயின் கைக்கு மட்டும் அளக்காமலே தீர்ப்புச் சொல்லலாமா?

ஆகவே அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்: "கை இறுக்கம் எத்தனை? கொப்பியில் எழுதித் தாங்க." வீட்டில் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், தோள் கெட்டுவிடும். பிஸியோதெரபிஸ்ட் காட்டித் தந்தபடி மெதுவாக நீட்டுங்கள். திடீரென்று இறுக்கம் கூடினால் குளிர் என்று மட்டும் நினைத்து விடாதீர்கள். சிறுநீர்க் கிருமித் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், வலி இவற்றாலும் கூடும். டொக்டரிடம் காட்டுங்கள்.

துஆவும் செய்வோம், நேர்த்தியும் வைப்போம். அதோடு அளக்கவும் சொல்வோம். அந்த அம்மாவை அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப்போக நாங்களும் போகிறோம். உங்கள் லயத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். கூடப் போங்கள்.