குடல் நோயாளிக்குக் கால் வீங்கினால்...

வயிற்றில் நோய். காலில் வீக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு என்கிறார்கள் டாக்டர்கள்!

தர்மபுரி மாவட்டம் இண்டூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு வாலிபருக்குப் பல மாதமாக வயிற்றுப்போக்கு. மலத்தோடு ரத்தமும் போகிறது. உடல் மெலிந்து, படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரு நாள் அவருடைய இடது கால் மட்டும் வீங்குகிறது. "சுளுக்குடா தம்பி, எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும்" என்கிறார் பாட்டி.

நீவக் கூடாது. அதில்தான் ஆபத்து!

என்ன நோய் இது?

குடலில் புண் உண்டாகி, ஆறுவதும் மீண்டும் கிளம்புவதுமாக ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோய்கள் இரண்டு. ஒன்று பெருங்குடல் புண் நோய். மற்றொன்று "கிரோன்" நோய். 1932-ம் ஆண்டில் இதை விவரித்து எழுதிய அமெரிக்க டாக்டர்களில் ஒருவரின் பெயர் அது. ஒரு காலத்தில் இவற்றை வெள்ளைக்காரர் நோய் என்றார்கள். இப்போது இந்தியாவிலும் அதிகமாகக் காணப்படுகின்றன.

ரத்தம் ஏன் உறைகிறது?

குடல் புண் கிளம்பும்போது, அதன் வேகம் ரத்தத்தையும் தாக்குகிறது. ரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றுகிறது. படுத்தே இருப்பதால் கால் நரம்புகளில் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. அப்போது காலில் ரத்தக்கட்டி உண்டாகலாம். அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கால் வீக்கத்தை நீவக் கூடாது என்பது இதனால்தான்.

இங்கிலாந்தில் சுமார் 13,700 நோயாளிகளை ஆராய்ந்து, 2010-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு, மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் அபாயம். நோய் கிளம்பும் சமயத்தில் எட்டு மடங்கு! அதற்காகப் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு ரத்தக்கட்டி வருவதே இல்லை.

ரத்தம் போகும்போது அந்த ஊசியா?

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் "ஹெப்பாரின்" ஊசியைப் போடுவார்கள். "ஏற்கனவே ரத்தம் போகிறதே, இது வேறா?" என்று குடும்பத்தார் மறுப்பது உண்டு. சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், மலத்தில் சிறிது ரத்தம் போவதைவிட, நுரையீரல் அடைப்பே பெரிய ஆபத்து. ரத்தப்போக்கு மிகக் கடுமையாக இருந்தால் டாக்டரே ஊசியை நிறுத்திவைப்பார். எனவே மறுக்காமல், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

குடல் நோய்க்கான மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். நோய் அடங்கியிருப்பதே நல்ல பாதுகாப்பு. தண்ணீர் நிறையக் குடியுங்கள். முடிந்தவரை எழுந்து நடங்கள். பெங்களூருக்கு பஸ்சில் போகிறவர்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலை அசைத்துக்கொண்டு இருங்கள். பீடி, சிகரெட் வேண்டாம். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், குடல் நோய் இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சில மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளப்பிவிடும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தர்மபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

பாட்டியின் கைப்பக்குவம் சுளுக்குக்கு நல்லது. குடல் நோயாளியின் கால் வீக்கத்துக்கு டாக்டர்தான் வேண்டும்!