மார்ஜியானாவின் கத்தி

ஒரு கதையைச் சினிமாவாக எடுக்கிறவர்கள் அதை மாற்றலாமா என்று கேட்டால், தாராளமாக மாற்றலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். வரிக்கு வரி அப்படியே எடுத்தால் அது படமாக இராது, பாராயணமாகத்தான் இருக்கும். ஆனால் எதை மாற்றுவது, யாரிடமிருந்து பிடுங்கி யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒரு நியாயம் வேண்டாமா? அந்த நியாயம் தவறியதற்கு, எல்லோருக்கும் பிடித்த படம் ஒன்றையே சாட்சிக்கு அழைக்கிறேன்: 'அலிபாபாவும் 40 திருடர்களும்'.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் எடுத்த படம். டி. ஆர். சுந்தரம் டைரக்ஷன். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் என்ற பெருமை அதற்கு உண்டு. எம்.ஜி.ஆர். அலிபாபா, பானுமதி மார்ஜியானா, பி. எஸ். வீரப்பா கொள்ளைக்கூட்டத் தலைவன். பாட்டுகள் இன்றைக்கும் காதில் விழுந்தால் கைவேலை நின்றுவிடுகிறது. இதையெல்லாம் நான் மறுக்க வரவில்லை. என் வழக்கு மார்ஜியானாவைப் பற்றியது.

புத்தகத்தில் அவள் வீட்டு வேலை செய்யும் அடிமைப் பெண். துண்டு துண்டாக வெட்டப்பட்ட காசிமின் உடலை ஊருக்குத் தெரியாமல் அடக்கம் செய்ய வழி கண்டவள் அவள். செருப்புத் தைக்கும் கிழவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து உடலைத் தைக்க வைக்கிறாள். திருடன் வாசற்கதவில் அடையாளம் போட்டுவிட்டுப் போனால், அக்கம்பக்கத்துக் கதவுகளிலெல்லாம் அதே அடையாளத்தைப் போடுகிறாள். பிறகு தலைவன் எண்ணெய் வியாபாரியாக வருகிறான். 38 ஜாடிகள், ஒன்றில் எண்ணெய், மீதி 37-ல் ஆட்கள். இரவில் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்து போகிறது. எடுக்கப் போனவளிடம் ஜாடிக்குள்ளிருந்து ஒரு குரல், நேரமாகிவிட்டதா என்று கேட்கிறது. அவள் அலறவில்லை, இன்னும் ஆகவில்லை என்று தலைவனைப்போலப் பதில் சொல்கிறாள். எண்ணெயைக் கொதிக்க வைத்து ஒவ்வொரு ஜாடியிலும் ஊற்றுகிறாள். அலிபாபா என்ன செய்துகொண்டிருந்தான் என்கிறீர்களா? தூங்கிக்கொண்டிருந்தான்!

தப்பிய தலைவன் மறுபடி விருந்தாளியாக வருகிறான். உப்பில்லாத சாப்பாடு கேட்கிறான். உப்பைத் தின்றுவிட்டு வஞ்சகம் செய்யக்கூடாதே! சமையல்கட்டில் இருப்பவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கத்தியோடு நடனம் ஆடி, ஆட்டத்தின் நடுவே அவன் நெஞ்சில் குத்திவிடுகிறாள்.

படத்திலும் மார்ஜியானா கெட்டிக்காரிதான். பானுமதியின் கண்ணில் மின்னும் புத்தியை எந்த டைரக்டராலும் மறைக்க முடியாது. ஆனால் அவள் ஆடுகிறாள், பாடுகிறாள், காதலிக்கிறாள். கடைசிக் கணக்கு மட்டும் எம்.ஜி.ஆருக்கும் வீரப்பாவுக்கும் நடக்கும் சண்டையில்தான் தீர்கிறது. நடனம் அவளிடம் நின்றுவிட்டது. கத்தி கதாநாயகனிடம் போய்விட்டது.

ஒரு பெண் கொலை செய்வதை நம் ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். மதுரையை எரித்தவளைத் தெய்வமாக்கிய ஜனங்கள் அல்லவா நாம்? சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனை நாடி ஆயிரக்கணக்கில் நடந்தே போகிறவர்கள், ஒரு வேலைக்காரி வீட்டைக் காத்த கதையைக் கேட்டு முகம் சுளிப்பார்களா? ஜனங்களின் பேரில் பழி போடுவது சினிமாக்காரர்களுக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

மூலக்கதையே கைமாறி வந்ததுதானே என்று வேறு சிலர் கேட்பார்கள். வாஸ்தவம். அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்பவர் 1709-ல் பாரிஸில் வாயால் சொன்ன கதை இது. கேட்டு எழுதிய அந்த்வான் கலான் தம் நாட்குறிப்பில் அவர் பெயரைக் குறித்து வைத்தார். அச்சான புத்தகத்தில் போடவில்லை. சொன்னவன் பெயரைப் புத்தகம் விழுங்கிற்று. செய்தவள் செயலைச் சினிமா விழுங்கிற்று. முதல் தவறு இரண்டாவதற்கு எப்படி நியாயமாகும்? கலானாவது மார்ஜியானாவின் வேலையில் கைவைக்கவில்லையே!

பழைய படத்துக்காக இத்தனை கோபமா என்று கேட்காதீர்கள். நான் இருப்பது அச்சங்குளத்தில். இங்கே விடிந்ததும் தூக்குவாளியோடு பட்டாசு ஆலைக்குப் புறப்படுகிற பெண்கள் நெருப்போடு பழகுகிறவர்கள். எதை எவ்வளவு மெதுவாகத் தொடவேண்டும் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். அவர்கள் செய்த சரத்தின் மேல் ஒட்டுகிற லேபிளில் சிரிப்பது வேறு யாரோ ஒரு அழகி. 2021 பிப்ரவரி 12-ல் இவ்வூர் ஆலை ஒன்று வெடித்துப் பலர் மாண்டபோதுதான் அச்சங்குளம் என்ற பெயரே வெளியூர்ப் பத்திரிகைகளுக்குத் தெரிந்தது. உழைக்கும் கைக்குப் பெயர் கிடைக்க ஊர் எரியவேண்டியிருக்கிறது.

இந்தப் பெண்களின் மகள்கள் அலிபாபா கதையைச் சினிமாவாகவே அறிவார்கள். நெருப்பையும் எண்ணெயையும் அறிந்த ஒரு வேலைக்காரியின் புத்திதான் அந்த வீட்டைக் காத்தது என்பதைப் படம் அவர்களுக்குச் சொல்லவில்லை. பராக்கிரமசாலி ஒருவன் வந்து காப்பாற்றுவான், அதுவரை ஆடிக்கொண்டிரு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இந்தக் கதையை இன்னொரு முறை யாராவது படமாக்கினால், குகையை எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் போடட்டும். பாட்டுகளைப் பத்துக்குப் பதில் இருபதாக்கட்டும். அலிபாபாவை மட்டும் தயவுசெய்து தூங்கவிடட்டும். விழித்திருக்க வேண்டியவள் சமையல்கட்டில் இருக்கிறாள்.