பானையில் வெந்த பன்றி விலாவும் ஒரு வீண் சண்டையும்

அமெரிக்காவில் சாப்பாட்டுக்காக நடக்கும் சண்டைகளில் ரொம்பப் பழையது பார்பிக்யூ சண்டை. வட கரோலினாக்காரர் வினிகர் இல்லாமல் பேச மாட்டார். டெக்சாஸ்காரருக்கு மாட்டுக்கறிதான் கறி. மெம்ஃபிஸ்காரர்களில் பாதிப்பேர் ஸாஸே வேண்டாம், உலர் மசாலா போதும் என்பார்கள். இப்படி எதிலுமே ஒத்துப்போகாத இவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிற இடம் ஒன்று உண்டு. யாராவது பன்றி விலாவை ஸ்லோ குக்கரில் போட்டு எடுத்து, அதற்கு "பார்பிக்யூ" என்று பெயரும் வைத்துவிட்டால் போதும்.... அவ்வளவுதான். "அது பார்பிக்யூ இல்லை, வேகவைத்த கறி" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி கொஞ்சம் அநியாயம்.

முதலில் அந்தப் பாத்திரம். கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றிச் சூடாகிற ஒரு மின்கம்பி, மேலே ஒரு கண்ணாடி மூடி. இவ்வளவுதான் ஸ்லோ குக்கர். விசில் கிடையாது, அழுத்தம் கிடையாது. பெரும்பாலும் 200 முதல் 300 வாட் வரைதான் மின்சாரம் இழுக்கும். 250 வாட் என்றே வைத்துக்கொண்டாலும் 8 மணி நேரத்துக்கு 2 யூனிட். காலையில் வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் வரும்போது சாப்பாடு தயாராக இருக்கும். "லோ", "ஹை" என்று இரண்டு நிலைகள் இருப்பதைப் பார்த்து, ஒன்றில் சூடு குறைவு, இன்னொன்றில் அதிகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான பானைகளில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வந்துதான் நிற்கும். அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வித்தியாசம்.

விலாக் கறி ஏன் இப்படி மணிக்கணக்கில் வேக வேண்டும்? அதில் கொலாஜன் என்கிற இணைப்புத் திசு ஏராளம். அவசரமாகச் சுட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும். சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் ஈரத்தோடு வைத்திருந்தால்தான் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். வாயில் வைத்ததும் வழுக்குகிற அந்த மிருதுத்தன்மை கொழுப்பால் வருவது என்று நினைப்பவர்கள் அதிகம். பெருமளவு இந்த ஜெலட்டின்தான் காரணம். கறி உள்ளே 90, 95 டிகிரியைத் தொடும்போதுதான் விலா பதமாகும். கரி அடுப்பில் அந்தச் சூட்டைக் கொண்டுவந்தாலும் சரி, மின்கம்பியில் கொண்டுவந்தாலும் சரி, கொலாஜனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் மிருதுவாக இருப்பது மட்டுமே பார்பிக்யூ ஆகிவிடாது. இங்கேதான் எதிர்த்தரப்பு ஜெயிக்கிறது. புகைக்கும் அடுப்பில் 107 டிகிரி வாக்கில் காய்ந்த காற்று கறியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். மேல்பக்கம் உலர்ந்து, மசாலாவும் புகையும் சேர்ந்து கறுத்த பொறுக்காகப் படியும். அதற்கு அங்கே "மரப்பட்டை" என்றே பெயர். ஸ்லோ குக்கருக்குள் காற்று ஓட்டமும் கிடையாது, உலர்வும் கிடையாது. கறியிலிருந்து கிளம்பிய நீராவி மூடியில் பட்டுத் திரும்பவும் கறி மேலேயே சொட்டும். மேற்பரப்பு சிவந்து மணப்பதற்கு நல்ல உலர்ந்த சூடு வேண்டும், 140 டிகிரிக்கு மேலே போனால்தான் அது வேகம் பிடிக்கும். ஈரமான பானைக்குள் 100ஐத் தாண்ட வழியே இல்லை. எட்டு மணி நேரம் வைத்தாலும் பதினெட்டு மணி நேரம் வைத்தாலும் பானைக்குள் பொறுக்கு வராது. புகையும் அப்படித்தான், எரிகிற மரம் இல்லாத இடத்தில் புகைக்கு எங்கே போவது?

சரி, அப்படியானால் அநியாயம் எங்கே இருக்கிறது?

வீட்டில் புகையடுப்பு வைத்திருப்பவர்களிடையே "3-2-1" என்று ஒரு முறை ரொம்பப் பிரபலம். 3 மணி நேரம் திறந்த புகையில். அடுத்த 2 மணி நேரம் அலுமினியத் தாளில் கொஞ்சம் ஆப்பிள் சாறோ வேறு ஏதாவது திரவமோ விட்டு, காற்றுப் போகாமல் இறுக்கிச் சுற்றி. கடைசி 1 மணி நேரம் ஸாஸ் தடவி. அந்த நடு 2 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூடிய பொதிக்குள், தன் நீராவியிலேயே, கறி வேகிறது. அதாவது ஸ்லோ குக்கருக்குள் நடப்பது எதுவோ அதேதான்! இப்படித் தாளில் சுற்றுவதற்கு "டெக்சாஸ் ஊன்றுகோல்" என்று அவர்களே கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். போட்டிகளில் பரிசு வாங்குகிறவர்களே இந்த ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். தாளுக்குள் வெந்தால் கலை, பானைக்குள் வெந்தால் பாவம் என்பது என்ன கணக்கோ.

இன்னொரு வேடிக்கை இந்தச் சண்டைக்காரர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. பார்பிக்யூவின் தலைநகரங்களில் ஒன்று என்று மார்தட்டிக்கொள்ளும் ஊர் கான்சாஸ் சிட்டி. டென்னசியிலிருந்து வந்த ஹென்றி பெர்ரி என்கிற கறுப்பினத்தவர் 1908 வாக்கில் அங்கே புகையில் வாட்டிய கறி விற்க ஆரம்பித்தார். அந்த ஊர் பார்பிக்யூவின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். அதே கான்சாஸ் சிட்டியில் இருந்த ரைவல் கம்பெனிதான் 1971ல் "க்ராக்-பாட்" என்ற பெயரில் ஸ்லோ குக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1971ல் 20 லட்சம் டாலராக இருந்த அதன் விற்பனை 1975ல் 9 கோடியே 30 லட்சம் டாலர் ஆனது. நான்கே வருடத்தில்! வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த காலம், 1973 எண்ணெய் நெருக்கடியால் மின்கட்டணத்தை நினைத்து எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். சரக்கும் சமயமும் அப்படிப் பொருந்தின.

இதோடு முடியவில்லை. ஸ்லோ குக்கர் விலாவுக்குப் புகை வாசனை கொடுக்கிற திரவப் புகையை 1895ல் வியாபாரமாக்கிய எர்னஸ்ட் ரைட் கான்சாஸ் சிட்டி மருந்துக்கடைக்காரர். அமெரிக்கர்கள் பலர் பார்பிக்யூ ஸாஸ் என்றதும் நினைக்கிற அந்தக் கெட்டியான இனிப்புத் தக்காளி ஸாஸை நாடு முழுக்கக் கொண்டுபோன கே.சி. மாஸ்டர்பீஸ், 1977ல் ரிச் டேவிஸ் என்கிற அதே ஊர் மனநல மருத்துவர் உருவாக்கியது. பானை, புகை, ஸாஸ் மூன்றுமே பார்பிக்யூ தலைநகரத்துச் சரக்கு. (அந்த ஸாஸை 1986ல் வாங்கியது கிங்ஸ்ஃபோர்டு என்கிற அடுப்புக்கரிக் கம்பெனி. கரிக்கும் ஸாஸுக்கும் பொருத்தம் பார்த்து நடந்த கல்யாணம்!)

திரவப் புகை என்றதும் ஏதோ ரசாயனக் கலவை என்று முகம் சுளிக்க வேண்டாம். நிஜமாகவே மரத்தை எரித்து, வரும் புகையைக் குளிரவைத்து நீரில் பிடிப்பதுதான் அது. அளவுதான் முக்கியம். ஒரு முழு விலாவுக்கு அரை டீஸ்பூன் போதும். அதற்கு மேலே போனால் தீயணைத்த வீட்டு வாடை.

இந்தச் சண்டையில் யாருமே பேசாத செலவு ஒன்று இருக்கிறது. நேரம். பொருளியல் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று முதல் வருடமே வந்துவிடும்; ஒன்றைச் செய்வதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. 6 மணி நேரம் அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் குளிர்ந்த பானத்தோடு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது சனிக்கிழமை லீவு உள்ளவருக்குப் பொழுதுபோக்கு. சனிக்கிழமையும் கடை கவுன்டரில் நிற்பவருக்கு அது 6 மணி நேரக் கூலி. அதோடு கொல்லைப்புறம் வேண்டும். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர் பால்கனியில் கரி அடுப்பு மூட்டுவதைப் பல ஊர்களில் தீத்தடுப்பு விதியே தடுக்கிறது. அவரைப் பார்த்து "உனக்கு உண்மையான பார்பிக்யூ தெரியவில்லை" என்பது ருசியைப் பற்றிய பேச்சே இல்லை. "உனக்குக் கொல்லைப்புறம் இல்லை" என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்வது.

அந்த நேரம் முன்காலத்திலும் இலவசமாக வந்ததில்லை. தென் மாநிலங்களின் பெரிய விருந்துகளுக்குக் குழி வெட்டி, மரத்தைக் கரியாக்கி, இரவு முழுக்கக் கண்விழித்துக் கறியைத் திருப்பிப் போட்டவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள்தான். நேரம் அவர்களுடையது, விருந்து வேறு யாருடையதோ. பொறுமையாகச் சமைப்பதைப் பற்றி இப்போது உருகி உருகிப் பேசுகிறவர்கள், யாருடைய பொறுமை என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. நெருப்பைச் சுற்றி நாலுபேர் உட்கார்ந்து வெட்டிப்பேச்சுப் பேசுவதைப் பானை தராது. சமையலறை மூலையில் தனியாக அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். அது ஒரு நஷ்டம்தான்.

ஸ்லோ குக்கர்க்காரர்கள் மேலும் தப்பு இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. இவர்களில் பலர் செய்வது இது: விலாவை அப்படியே போட்டு, ஒரு பாட்டில் ஸாஸை மேலே கவிழ்த்து, போதாதென்று கோலாவையும் ஊற்றி, மூடிவிட்டுப் போய்விடுவது. எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் கொழுப்பு மிதக்கும் இனிப்பு ரசத்தில் சாம்பல் நிறக் கறி. இதைத் தின்றுவிட்டுத்தான் ஊர் முழுக்கப் பானையைத் திட்டுகிறது.

ஒழுங்காகச் செய்வதும் கஷ்டமில்லை. 'பேபி பேக்' வாங்கினாலும் ('பேபி' என்றால் குட்டிப் பன்றி அல்ல, முதுகை ஒட்டிய சின்ன எலும்புகள்), வயிற்றுப் பக்கத்து 'ஸ்பேர் ரிப்ஸ்' வாங்கினாலும், முதலில் எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய ஜவ்வை உரிக்க வேண்டும். கத்தி முனையால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். இந்த ஜவ்வு எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் பல்லில் மாட்டும். பிறகு இரண்டு டேபிள்ஸ்பூன் பழுப்புச் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் பாப்ரிகா, இரண்டு டீஸ்பூன் உப்பு, மிளகு, பூண்டுத்தூள், கொஞ்சம் கடுகுத்தூள் கலந்து இரண்டு பக்கமும் தேய்த்து, முடிந்தால் ஒரு இரவு ஃப்ரிட்ஜில். பானைக்குள் படுக்கவைக்காமல், துண்டுகளைப் பானைச் சுவரை ஒட்டி நிற்கவைக்க வேண்டும். கறி உள்ள பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம், கறியே போதும் போதும் என்கிற அளவுக்கு விடும். ஸாஸ் இப்போது கூடவே கூடாது. 'லோ'வில் பேபி பேக்குக்கு 5, 6 மணி நேரம், ஸ்பேர் ரிப்ஸுக்கு 7, 8. நடுவில் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் நேரத்தை நீட்டிக்கொள்கிறார்கள். உறைந்த கறியை நேராகப் போடுவதும் ஆபத்து. 4 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வளர்கிற எல்லை, உறைந்த கறி அதற்குள் ரொம்ப நேரம் கிடக்கும். வீட்டில் ஆள் இல்லாதபோது மின்சாரம் போய்விட்டு வந்தது தெரிந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுவதே நல்லது.

கடைசி ஐந்து நிமிடம்தான் எல்லாம். வெந்த விலாவைப் பக்குவமாகத் தட்டில் எடுத்து, ஈரத்தை ஒற்றி, ஸாஸைத் தடவி, ஓவனின் மேல் நெருப்புக்கு நேர் கீழே வைக்க வேண்டும். ஸாஸ் குமிழ்விட்டு ஓரம் கறுக்கத் தொடங்கும்போது வெளியே எடுத்து, இன்னொரு பூச்சு, இன்னும் ஒரு நிமிடம். பானையால் முடியாத அந்தச் சிவப்பு இங்கே வரும். மரப்பட்டை வராதுதான், ஆனால் சாம்பல் கறியும் இல்லை. இந்த ஐந்து நிமிடம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றால் சர்க்கரை கருகிவிடும், ஜாக்கிரதை.

எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழ வேண்டுமா என்பது தனிச் சண்டை. 1985ல் தொடங்கிய கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சங்கத்தின் போட்டிகளில், கடித்த இடத்தில் மட்டும் கறி வர வேண்டும், மொத்தமாகக் கழன்றால் அது அதிகமாக வெந்ததாகக் கணக்கு. வீட்டில் பெரும்பாலோர் கேட்பது கழன்று விழுகிற விலாவைத்தான். நடுவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடிக்க ஒன்றுமே இல்லாமல் கூழாகிவிட்டால் அப்புறம் எலும்பு எதற்கு? பானைக்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே எடுத்துப் பார்க்கலாம்.

பெயர் விஷயத்திலும் ஒரு கோடு கிழிக்கலாம். வீட்டில் தன் சமையலுக்கு ஒருவர் பார்பிக்யூ என்று பெயர் வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பானையில் வேகவைத்து, திரவப் புகை தெளித்து, மரத்தில் வாட்டியது என்று பலகை எழுதி மரப்புகை விலையும் வாங்குகிற உணவகம் செய்வது ஏமாற்று. அங்கே வாடிக்கையாளர் அந்த 6 மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். கோபப்பட வேண்டிய இடம் அது. அதை விட்டுவிட்டுப் பால்கனி அடுக்குமாடிக்காரரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

பானையின் அடியில் தங்கும் சாற்றைக் கீழே கொட்டிவிடாதீர்கள். ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே கட்டியாக உறையும், அப்படியே எடுத்துவிடலாம். அடியில் தளதளவென்று நிற்பதுதான் அந்த ஜெலட்டின். மறுநாள் ஊறவைத்துக் கொதிக்கவைத்த பீன்ஸை அதில் போட்டு அதே பானையில் வேகவிட்டால் அபாரமாக இருக்கும். இந்தப் பானை பிறந்ததே பீன்ஸுக்காகத்தான். ரைவல் கம்பெனி வாங்குவதற்கு முன்பு இதன் பெயர் "நாக்சன் பீனரி". சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் 1936ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940ல் பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முந்தின சாயங்காலம் பீன்ஸும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம். அம்மா சொன்ன அந்தக் கதைதான் அவருக்கு இந்தப் பானையைச் செய்யத் தோன்றக் காரணம். அதில் என்றைக்காவது பன்றி விலா வேகும் என்று அந்த அம்மா நினைத்திருக்கவே மாட்டார்.