ஒளியும் பொதுச் சொத்தே

ஓவியத்தின் வண்ணமும் ஒளியும் வசதி படைத்தோரின் ரசனைக்குரியவை என்ற எண்ணம் நம் அணிகளிடையேயும் உண்டு. போராட்டச் சுவரொட்டியின் சிவப்பைப் புரிந்துகொள்ளும் நாம், மலைமுகட்டு மூடுபனியின் சாம்பல் நிறத்தை அரசியலற்றது என்று ஒதுக்கிவிடுகிறோம். பெங்களூரு கஸ்தூர்பா சாலையிலுள்ள வெங்கடப்பா கலைக்கூடத்தின் கதை, இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது.

பரம்பரையாக ஓவியத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த கே.வெங்கடப்பா (1886-1965), கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். உதகை, கொடைக்கானல் மலைகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி. வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தீட்டாமல் விடவேண்டும்; தீட்டிய பின் அதை மீட்பது அரிது. நீலத்தின்மேல் சாம்பல் படிந்தால் மழைக்கு முந்தைய இறுக்கம். மஞ்சளின் சாயல் சேர்ந்தால் விடியலின் ஆறுதல். ஆளில்லாத காட்சியிலும் மனித மனம் இவ்வாறே பதிகிறது. ஆண்டுக்கணக்கான பயிற்சியைக் கோரும் இது உழைப்பன்றி வேறென்ன? மைசூர் அரண்மனைக்குச் செய்த புடைப்புச் சிற்பங்களுக்கு உரிய ஊதியம் கேட்டு நீதிமன்றம் சென்றவர் அவர் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓவியன் பிடித்துவைத்த ஒளிக்கு வெளிச்சமே பகை. வெளிச்சம் மிகுந்தால் நீர்வண்ணம் மங்கும். ஈரம் ஏறினால் தாளில் பூஞ்சை படரும். பாதுகாக்க நிதியும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் வேண்டும். நிதியைச் சுருக்கி, பராமரிப்பைக் கைவிட்டு, பின்னர் ‘அரசால் இயலாது’ என்று தனியாரை அழைப்பதே நவதாராளமயத்தின் வாடிக்கை. இக்கலைக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளையின் பொறுப்பில் விட கர்நாடக அரசு ஒப்பந்தம் செய்தபோது, 2016-இல் ஓவியர்கள் வீதியில் இறங்கிப் போராடினர். இளம் ஓவியர்கள் குறைந்த வாடகையில் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் கூடமும் அதுவே. அதை யார் நிர்வகிப்பது என்பது, அங்கு யார் நுழையலாம் என்பதையும் தீர்மானிக்கும்.

கலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் கூறக்கூடும். 1918-இல், பசியும் உள்நாட்டுப் போரும் சூழ்ந்திருந்த நிலையில்தான், மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தை அரசுடைமையாக்கும் ஆணையில் லெனின் கையெழுத்திட்டார். ரொட்டிக்கான போராட்டமும் அழகுக்கான உரிமையும் ஒன்றுக்கொன்று முரணானவை எனச் சோவியத் அரசு கருதவில்லை.

கலைக்கூடங்கள் அரசின் நேரடிப் பொறுப்பில், போதிய நிதியுடன், நிரந்தர ஊழியர்களுடன் இயங்க வேண்டும். இக்கோரிக்கையை ஓவியர்கள் மட்டும் சுமக்கலாகாது. பெங்களூருவைத் தம் உழைப்பால் கட்டியெழுப்பிய தமிழ், கன்னடத் தொழிலாளர்களின் சங்கங்களும் இதைத் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வெங்கடப்பா தீட்டாமல் விட்டுவைத்த அந்த வெண்மை, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சொந்தம்.