மரத்தை வெட்டி விறகாக்காதீங்க சாமி!

புனேக்கு வந்த இத்தனை வருஷத்துல இந்தி பழகிடுச்சு, வடாபாவ் பழகிடுச்சு. மாடல் வெயிட்டை "37-வது டென்சர்", "38-வது டென்சர்"னு நம்பர் போட்டுக் கூப்பிடுற கோடிங் மட்டும் பழகவே மாட்டேங்குது. அது எந்த லேயரோடதுன்னு கேட்டா, "எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார்"னு பதில் வருது!

நியூரல் நெட்வொர்க் இயல்பாவே ஒரு மரம்ங்க. என்கோடருக்குள்ள லேயர், லேயருக்குள்ள அட்டென்ஷன், அதுக்குள்ள க்வெரி, கீ, வேல்யூ. டிக்‌ஷனரிக்குள்ள டிக்‌ஷனரி, நுனியில இலையா டென்சர். இதை எதுக்கு வெட்டி ஒரே லிஸ்ட்டா அடுக்கணும்? "ஸ்பீடு"ம்பாங்க. ஜாக்ஸ்ல ஜிட் போட்டா அதுவே இலைகளைப் பறிச்சு கம்பைல் பண்ணி, வெளியே வரும்போது மரமா ஒட்டிக் கொடுத்துடுது. நாம கையால பறிச்சு மிச்சம் பிடிக்க ஒண்ணுமில்லை.

நஷ்டம்தான் ஏராளம். பெர்ட் பேஸ் மாடல்ல 12 லேயர். எல்லாத்துலயும் க்வெரி வெயிட் 768க்கு 768. லேயர்_0, லேயர்_1னு பேர் வெச்ச டிக்‌ஷனரியை ஜாக்ஸ் பிரிக்கும்போது பேரை எழுத்து வரிசையில அடுக்கும்: 0, 1, 10, 11, அப்புறம்தான் 2. பைடார்ச் ஸ்டேட் டிக்ட் சேர்த்த வரிசையிலயே கொடுக்கும். ரெண்டு லிஸ்ட்டையும் ஜிப் பண்ணினா 2-வது லேயர் வெயிட் 10-ல போய் உட்காரும். சைஸ் ஒண்ணுதானே, எர்ரர் வராது. மாடல் ஓடும், உளறும். டீமே லேர்னிங் ரேட்டைத் திட்டிக்கிட்டு ஒரு வாரத்தைத் தொலைக்கும்.

இன்னொண்ணு. ஜாக்ஸுக்கு நன் வெறும் கிளை, இலையில்லை. பைடார்ச்சோட பைட்ரீக்கு அதுவும் ஒரு இலை. பயாஸ் இல்லாத இடத்துல நன் வெச்சிருந்தா, அதுக்கப்புறம் எல்லா நம்பரும் ஒண்ணு தள்ளிப் போயிடும்.

ட்ரீ மேப்னு ஒண்ணு சும்மாவா கொடுத்திருக்கான்? ரெண்டு மரத்தோட அமைப்பு ஒத்து வரலைன்னா அங்கேயே கத்தும். அந்தக் கத்தல் தொல்லை இல்லை, காவல். "ரெண்டு பக்கமும் பேர் வேற வேற, என்ன செய்ய?"ன்னு கேக்குறீங்களா? எந்தப் பேருக்கு எந்தப் பேர்னு ஒரு டேபிள் எழுதுங்க. நாளைக்கு வர்ற புதுப் பையன் அதைப் படிச்சு தப்பைக் கண்டுபிடிப்பான். 37-ஐப் பார்த்து யாரால என்னத்தைக் கண்டுபிடிக்க முடியும்?