பூக்கடைக்கும் கூவல் வேண்டும்

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. இதைச் சொன்னவர் ஒருநாளும் பூ விற்றிருக்க மாட்டார். பூக்காரி தெருத்தெருவாகக் கூவித்தான் விற்கிறாள். பொழுது சாய்ந்தால் மல்லிகை வாடிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

சொந்தச் செலவில் புத்தகம் அச்சிட்டு, பையில் நாலு பிரதிகளுடன் தெரிந்தவர் வீட்டுப் படியேறும் எழுத்தாளனைக் கண்டால் நம் பெரிய மனிதர்களுக்கு இந்தப் பழமொழிதான் வாயில் வருகிறது. "நல்ல புத்தகமானால் தானே விலைபோகும், இப்படி அலைவது எழுத்துக்குக் கௌரவமா?" என்கிறார்கள். யாருடைய கௌரவம் என்று கேட்கிறேன்.

சீவக சிந்தாமணி 1887-ல் வெளிவந்தது. அதற்காக உ. வே. சாமிநாதையர் கனவான்களை அணுகிக் கையொப்பம் சேர்த்தார். புத்தகத்துக்குப் பணம் தருகிறேன் என்ற வாக்குறுதிதான் அந்தக் கையொப்பம். ஆயிரம் வருஷத்துக் காவியத்துக்கே அத்தனை நடை தேவைப்பட்டதென்றால், நேற்று எழுதிய நாவலுக்கு மட்டும் தானாகக் கால் முளைத்துவிடுமா?

அது அமைதியான காலம் என்பீர்கள். கெட்ட காலத்துக்கே வருவோம். 1907, லஜபதி ராயை நாடு கடத்திய வருஷம். காங்கிரஸ் சூரத்தில் இரண்டாகப் பிளந்த வருஷம். பாரதி தீவிரக் கட்சி; வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதிகளின் தலைவர். ஜி. ஏ. நடேசன் இருவரையும் சந்திக்க வைத்தார். பாரதி பாடினார். எதிர்க்கட்சிக்காரர் கேட்டு உருகினார். மூன்று பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். மறுவருஷம் பாரதி ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைத் தாமே வெளியிட்டார். அதே வருஷம் புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. கவி ஊரை விட்டுப் போனார். பாட்டு ஊரிலேயே தங்கிவிட்டது. எந்த விளம்பரம் இதைச் செய்தது? ஒரு மனிதர் இன்னொருவரை அழைத்துப் போய் அறிமுகம் செய்தார், அவ்வளவுதான்.

இதே பாரதி 1920-ல் தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகளாக வெளியிடத் திட்டமிட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். கேட்டது யாசகமல்ல, வட்டியுடன் திருப்பித் தரும் கடன். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் காலமானார். புகழ்வதற்கு வாய்கள் இருந்தன. கொடுப்பதற்குப் போதிய கைகள் நீளவில்லை. கௌரவக் குறைவு கடிதம் எழுதியவருக்கா, படித்துவிட்டு மடித்து வைத்தவர்களுக்கா?

"தாட்சண்யத்துக்காக வாங்கிய புத்தகம் அலமாரியில் அல்லவா தூங்கும்?" என்று ஒரு கட்சி உண்டு. தூங்கட்டும். அச்சகத்துக் கட்டிலும் எழுத்தாளன் வீட்டுப் பரணிலும் தூங்குவதைவிட அது மேல். அலமாரியில் இருக்கும் புத்தகத்தை அந்த வீட்டுப் பெண்ணோ பையனோ ஒரு மழைநாளில் எடுத்துப் பிரிக்கலாம். பரணில் கிடப்பதைக் கரையான்தான் பிரிக்கும்.

ஆனால் ஒன்று. தம்மிடம் காரியம் ஆகவேண்டியவர்கள் தலையில் தம் கவிதைத் தொகுதியைக் கட்டும் அதிகாரியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அறிமுகமல்ல; வசூல். மறுக்க முடிந்தவரிடம் மட்டுமே புத்தகத்தை நீட்டலாம். விலையைக் கேட்கலாம், படிக்கச் சொல்லலாம். பாராட்டைக் கேட்கக் கூடாது.

வாசகர் கடமையும் அதே அளவு எளியது. நெல் விற்கும் சிநேகிதரிடம் யாரும் ஒரு மூட்டை இனாமாகக் கேட்பதில்லை. எழுத்தாளச் சிநேகிதரிடம் மட்டும் "எனக்கு ஒரு காப்பி கிடையாதா?" என்று உரிமையோடு கேட்கிறோம். 2020-ல் கொள்ளைநோய்க்காக ஊரடங்கு வந்தபோது புத்தகக் கடைகளும் மூடின. கடை மூடினால் புத்தகத்துக்கு மிஞ்சுவது தெரிந்தவரின் வாசல் ஒன்றுதான். அந்த வாசலிலும் இனாம் கேட்டால் அடுத்த புத்தகம் எங்கிருந்து வரும்?

விலை கொடுத்து வாங்குங்கள். படியுங்கள். பிடித்திருந்தால், உங்கள் கட்சிக்காரருக்கு அல்ல, எதிர்க்கட்சிக்காரருக்குக் கொடுங்கள். பிடிக்காவிட்டால் எழுதியவரிடமே முகத்துக்கு நேரே சொல்லுங்கள். படியேறி வந்தவனுக்கு அதைத் தாங்கும் தெம்பு இருக்கும்.